பிள்ளையோடு சேர்ந்து வாய்ப்பாடு படிப்போம்

2008இல் கிளிநொச்சியிலிருந்து இடம்பெயர்ந்தபோது நான் தரம் நான்கு. ஆறாம் வாய்ப்பாட்டோடு என் படிப்பு நின்றுபோனது. இன்று மகள் தரம் மூன்றில் படிக்கிறாள். "ஏழெட்டு எத்தனை அம்மா?" என்று அவள் கேட்டபோது கத்திவிட்டேன். உண்மையில் எனக்கே விடை தெரியாது.

மறுநாள் இருவரும் சேர்ந்து படிக்கத் தொடங்கினோம். முற்றத்தில் புளியங்கொட்டைகளை வரிசைக்கு ஏழாக மூன்று வரிசை அடுக்கினோம். பக்கவாட்டில் நின்று பார்த்தால் வரிசைக்கு மூன்றாக ஏழு வரிசை. இரண்டும் 21தான். ஒன்று தெரிந்தால் மற்றதும் தெரியும்.

1, 2, 5, 10 ஆம் வாய்ப்பாடுகள் இலகு. அவற்றையும் இப்படித் திரும்பி வருவனவற்றையும் விட்டால், பத்து வரையுள்ள 100 பெருக்கல்களில் பாடமாக்க மிஞ்சுபவை 21 மட்டுமே.

ஒன்பதாம் வாய்ப்பாட்டுக்குக் கைவிரல்கள் போதும். நாலொன்பது என்றால், இரு கைகளையும் விரித்து இடப்பக்கத்திலிருந்து நான்காவது விரலை மடியுங்கள். அதற்கு இடப்புறம் 3 விரல், வலப்புறம் 6 விரல். விடை 36.

நாளுக்கு ஒன்றுதான். சோறு வடிக்கும்போதும் தலையிழுக்கும்போதும் கேட்பேன். பிழைவிட்டால் அடிப்பதில்லை, கொட்டைகளை மீண்டும் அடுக்குவோம்.

சகோதரிகளே, படிப்பு இடையில் நின்றது எங்கள் குற்றமல்ல. வெட்கப்படாமல் பிள்ளையோடு உட்காருங்கள். ஏழெட்டு ஐம்பத்தாறு. இப்போது எங்கள் இருவருக்கும் தெரியும்.