ஓரணாவுக்காக ஒரு கிளர்ச்சி

ஆனையூரிலிருந்து மதுரைக்குள் படிக்க வரும் பள்ளி மாணவனுக்குப் பேருந்துக் கட்டணம் இன்று ஒரு கவலையே அன்று. இலவசப் பயண அட்டை அவன் சட்டைப் பையில் இருக்கிறது. மலைக்கு அப்பால், கால்வாய்களே வீதிகளாக அமைந்த கேரளத்துக் குட்டநாட்டில், 1958 ஜூலையில், இத்தகைய சலுகை ஒன்றின் பொருட்டே மாணவர்களுக்கும் ஒரு கம்யூனிஸ்டு சர்க்காருக்கும் மோதல் மூண்டது.

1956 அக்டோபரில் புடாபெஸ்ட் மாணவர்கள் தொடங்கிய எழுச்சியைச் சோவியத் டாங்கிகள் நசுக்கிச் சில மாதங்களே கழிந்திருந்த வேளையில், 1957 ஏப்ரல் 5ஆம் நாள், வாக்குச் சீட்டின் வழியே பதவிக்கு வந்த இ. எம். எஸ். நம்பூதிரிபாடின் மந்திரிசபை, எதிர்ப்பை எவ்விதம் எதிர்கொள்ளும் என்று அறியப் பலரும் ஆவலுற்றிருந்தனர். ஆலப்புழைப் பகுதியின் படகுப் போக்குவரத்தைச் சர்க்கார் ஏற்று நடத்தத் தொடங்கியதும், மாணவர்கள் அதுகாறும் செலுத்திவந்த ஓரணாக் கட்டணம் பத்து நயா பைசா ஆயிற்று. ஓரணா என்பது ஆறேகால் நயா பைசாவே. வித்தியாசம் அற்பம் எனச் செயலகத்தில் அமர்ந்திருப்பவருக்குத் தோன்றலாம். நாள்தோறும் போக வர இருமுறை படகேறும் ஏழை விவசாயியின் மகனுக்கு அது அற்பம் அன்று. முந்திய ஆண்டுதான் பிறந்திருந்த கேரள மாணவர் சங்கம், வயலார் ரவி முதலானோர் முன்னிற்க, படகுகளை மறித்தது. போலீசார் தடியடி நடத்தினர். மாணவர் பலர் சிறை புகுந்தனர். தாமே தடியடிபட்டும் தலைமறைவாக அலைந்தும் வளர்ந்த ஒரு கட்சி, ஆட்சிக்கட்டில் ஏறியதும் சட்டம் ஒழுங்கு என்னும் பழைய மந்திரத்தையே ஜபித்ததுதான் இதில் எனக்கு வியப்பு. ஆயினும் டாங்கிகள் வரவில்லை. சில வாரங்களில் சர்க்கார் இறங்கிவந்து, ஓரணாச் சலுகையை மீண்டும் அளித்தது. தேர்தலுக்கு அஞ்சவேண்டிய அரசுக்கும் அஞ்சவேண்டாத அரசுக்கும் உள்ள பேதம் அதுவே.

வெற்றியின் ருசி கண்ட மாணவர்கள், கல்வி மசோதாவையும் நிலச் சீர்திருத்தத்தையும் எதிர்த்து மன்னத்து பத்மநாபன் தலைமையில் 1959இல் எழுந்த விமோசன சமரம் என்னும் விடுதலைப் போராட்டத்திலும் கலந்துகொண்டனர். அதன் பின்னே நிலவுடைமையாளரும் சமய, சாதி ஸ்தாபனங்களும் இருந்ததை மறைப்பதற்கில்லை. ஜூன் 13 அன்று அங்கமாலியில் போலீஸ் குண்டுக்கு 7 பேர் பலியானதையும் மறப்பதற்கில்லை. ஜூலை 31 அன்று மத்திய சர்க்கார் மந்திரிசபையைக் கலைத்தது.

அடக்குமுறை கம்யூனிஸ்டுகளின் ஏகபோகம் என்று எண்ணிய காங்கிரஸ் அன்பர்களுக்கு மதுரை விடை கூறிற்று: 1965 ஜனவரி 25 அன்று இந்நகரில் மாணவர் ஊர்வலத்தில் மூண்ட மொழிக் கலவரம் மாகாணமெங்கும் பரவ, காங்கிரஸ் சர்க்காரின் துப்பாக்கிகளுக்குப் பலர் இரையாயினர். இரண்டே ஆண்டுகளில், 1967 மார்ச் 6ஆம் நாள், அம்மாணவர் எழுச்சியின் பயனையும் பெற்ற அண்ணாதுரை சென்னையில் முதன்மந்திரியாகப் பதவி ஏற்றார். அதே நாளில் திருவனந்தபுரத்தில், காங்கிரஸை 9 இடங்களில் ஒடுக்கிவிட்டு, நம்பூதிரிபாடும் மீண்டும் பதவி ஏற்றார்.