தலைமையும் தனிமையும்

தொழில் நிலையம் ஒன்றின் தலைமைப் பதவியில் இருப்பவரைச் சுற்றி எந்நேரமும் மனிதர் நிறைந்திருப்பர். ஆயினும், மனம்விட்டுப் பேச அவருக்கு ஒருவரும் இல்லாத நிலை பலகால் நேர்கின்றது. கீழே பணிபுரிவோர் அவர் விரும்புவதையே உரைப்பர். இயக்குநர் குழுவிடம் தம் ஐயத்தைச் சொன்னால் திறமைக் குறைவென்று கருதுவரோ என்ற அச்சம் தடுக்கும். இல்லத்தாரிடமோ அலுவலக இரகசியங்களைச் சொல்வதற்கில்லை.

கொல்கத்தாவின் பாலிகஞ்சில் வாழும் நாம் இதனை நன்கு அறிவோம். லேக் மார்க்கெட், ராஷ்பிஹாரி அவென்யூப் பகுதிகளில் குடியேறிய தமிழருள், கணக்கராகவும் சுருக்கெழுத்தாளராகவும் தொடங்கி நிர்வாகப் பதவி எய்தியோர் உண்டு. ஊரில் இருந்தால் பெரியப்பாவோ தாய்மாமனோ இடித்துரைத்திருப்பார். அயல் மாநிலத்தில் பதவி உயர உயர, அத்தகைய குரல் தேய்ந்துவிடுகின்றது.

இதனால் விளையும் கேட்டைச் சத்யஜித் ராய் 1971-இல் 'சீமாபத்தா' என்னும் திரைப்படத்தில் காட்டினார். சங்கர் எழுதிய வங்க நாவலைத் தழுவிய கதை அது. கொல்கத்தாவில் மின்விசிறி செய்யும் கம்பெனியொன்றின் அதிகாரி சியாமளேந்து. அயல்நாட்டிற்கு அனுப்பவேண்டிய விசிறிகளில் பழுது காணப்படுகிறது. தாமதமானால் கம்பெனிக்குப் பெரும் இழப்பு. அவன் சக அதிகாரி ஒருவருடன் கூடி, ஆலையில் கலகம் மூளச் செய்து கதவடைப்புக்கு வழி தேடுகிறான். காவலாளி ஒருவர் காயமுறுகிறார். இயக்குநர் பதவி அவனுக்குக் கிட்டுகிறது. தன்னை மதித்த மைத்துனியின் நன்மதிப்போ அகன்றுவிடுகிறது. அவன் கலந்து பேசியது, திட்டத்திற்கு உடந்தையாகக் கூடியவரிடம் மட்டுமே. 'இது தகுமா?' என்று உரிய வேளையில் வினவ ஒருவர் இல்லை.

அந்த வினாவை எழுப்புபவரே நிர்வாகப் பயிற்சியாளர். இவரை ஆங்கிலத்தில் 'கோச்' என்பர். ஹங்கேரியில் கோச் என்னும் சிற்றூரில் செய்யப்பட்ட வண்டியால் வந்த பெயர் அது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆக்ஸ்போர்டு மாணவர்கள், தேர்வென்னும் வழியைக் கடத்திவிடும் ஆசிரியரையும் அவ்வாறே அழைத்தனர்.

கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அமெரிக்கக் கால்பந்து பயிற்றிய பில் காம்ப்பெல், பின்னாளில் ஸ்டீவ் ஜாப்ஸ், எரிக் ஷ்மிட் முதலிய தொழில் தலைவர்களுக்கு இவ்வகையில் துணைநின்றார். அவர் 2016-இல் மறைந்தார். மதுரையில் பிறந்து, இதே வங்கத்தின் கரக்பூரில் பயின்று, 2015-இல் கூகிள் தலைவரான சுந்தர் பிச்சையும் அவரிடம் பயன்பெற்றவர். அவ்வாரத்தில் எந்த இழுபறியைத் தீர்த்துவைத்தார் என்று காம்ப்பெல் தம்மிடம் கேட்பது வழக்கம் எனப் பிச்சை கூறியிருக்கிறார். விடையைத் தாமே சொல்லாமல், முடிவெடுக்கும் பொறுப்பைத் தலைவரிடமே விட்டுவைக்கும் கேள்வி அது.

பயிற்சியின் முறையும் இதுவே. இருவரும் குறித்த நாட்களில் தனித்துச் சந்திப்பர். எய்தவேண்டிய குறிக்கோள் யாது, இன்றைய உண்மை நிலை என்ன, திறந்துள்ள வழிகள் எவை, செய்யத் துணிந்தது எது என்று பயிற்சியாளர் படிப்படியாக வினவுவார். அடுத்த சந்திப்பில், துணிந்ததைச் செய்தாரா என்றும் கேட்பார். தம் அச்சத்தை வாய்விட்டு உரைக்கும்போதே அதன் உண்மை அளவு தலைவருக்குப் புலனாகின்றது.

இதற்குச் சில வரம்புகள் உண்டு. பேசியவை வெளிச்செல்லலாகாது. கட்டணத்தைக் கம்பெனி செலுத்துமாயின், எதனைக் கம்பெனிக்குத் தெரிவிக்கலாம் என்பதை முதலிலேயே வரையறுத்துக்கொள்ள வேண்டும். பயிற்சியாளர் மருத்துவர் அல்லர். உறக்கமின்மையும் ஆழ்ந்த மனச்சோர்வும் வாட்டினால் மருத்துவரையே நாடவேண்டும். புகழ்ந்து பேசுவதையே தொழிலாகக் கொண்டவரை அமர்த்துவதால் பயனும் இல்லை.

திருக்குறளின் 45-ஆம் அதிகாரம் 'பெரியாரைத் துணைக்கோடல்'. கடிந்துரைக்கும் துணையை அரசனுக்கு இன்றியமையாததாக வள்ளுவர் வைத்தார். இன்று அத்துணை கட்டணம் பெற்று வருகிறது என்பதே வேறுபாடு. கட்டணம் செலுத்த இயலாத சிறு கடைக்காரரும், ஓய்வுபெற்ற நேர்மையாளர் ஒருவரைத் தேடி, திங்களுக்கு ஒருமுறை தம் கணக்கையும் கவலையையும் அவர்முன் வைக்கலாம். மறுத்துப் பேச ஒருவருக்கு உரிமை அளிப்பதால் தலைமை தாழ்வுறாது. தவறு முற்றுமுன் தடுக்கும் வாய்ப்பே அதற்குக் கிட்டுகின்றது.