வாக்குச் சீட்டும் போர்க்களமும்

பி.எஸ்ஸி. கணிதம், இரண்டாம் ஆண்டு

போர் என்றவுடன் நம் கண்முன் தோன்றுவன பீரங்கியும் துப்பாக்கியும். தேர்தல் என்றவுடன் தோன்றுவன சுவரொட்டியும் ஒலிபெருக்கியும். இவ்விரண்டுக்கும் என்ன உறவு என்று கேட்கத் தோன்றும். உறவு உண்டு, அதுவும் நெருங்கிய உறவு.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் ஆள் நான். ஆனால் ஊர் எல்லையைத் தாண்டிய முதல் ஆள் என் பெரியப்பா. இராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் அடிக்கடி சொல்வார்: “சிப்பாய்க்கு ஆர்டர் வரும்டா தம்பி. அது ஏன் வந்ததுன்னு மட்டும் வராது.” அந்த ‘ஏன்’ என்ற சொல் என் மனத்தில் முள்ளாய்த் தைத்தது. நம் நூலகத்தில் வியட்நாம் போர் பற்றிப் படித்தபோது, வேறொரு நாட்டுச் சிப்பாய்களைப் பொறுத்தவரை அதற்கு ஒரு விடை கிடைத்தது.

முதலில் ஒரு செய்தியை மனத்தில் கொள்ள வேண்டும். நம் நாட்டில் மக்களவை இடையிலேயே கலைக்கப்படலாம்; தேர்தல் முன்கூட்டியே வரலாம். அமெரிக்காவில் அப்படியன்று. நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை, நவம்பர் மாதத்தின் முதல் திங்களுக்கு அடுத்த செவ்வாயன்று ஜனாதிபதித் தேர்தல். எந்தப் போர் நடந்தாலும் அந்த நாள் அசையாது. நாள் அசையாதபோது என்ன நடக்கும்? போர் அசைந்து கொடுக்கும்!

1964ஆம் ஆண்டைப் பார்ப்போம். ஆசிய இளைஞர்கள் செய்ய வேண்டிய போரைச் செய்ய அமெரிக்க இளைஞர்களை அனுப்பமாட்டோம் என்று ஜனாதிபதி ஜான்சன் தேர்தல் மேடையில் முழங்கினார். நவம்பரில் பெருவெற்றி பெற்றார். நான்கே மாதங்களில், 1965 மார்ச்சில், அமெரிக்கக் கடற்படைத் துருப்புகள் டா நாங் கரையில் இறங்கின. அவ்வாண்டு முடிவில் வியட்நாமில் இருந்த அமெரிக்கத் துருப்புகள் சுமார் 1,84,000.

அடுத்தது 1968. ஜனவரி இறுதியில் தொடங்கிய ‘டெட்’ தாக்குதல் அமெரிக்க மக்களைத் திடுக்கிடச் செய்தது. மார்ச்சில் நியூ ஹாம்ப்ஷயர் மாநில முதல்நிலைத் தேர்தலில், போரை எதிர்த்து நின்ற யூஜின் மெக்கார்த்தி 42 விழுக்காடு வாக்குகளைப் பெற்றார். அம்மாத இறுதியிலேயே ஜான்சன் குண்டுவீச்சைக் குறைத்தார்; மீண்டும் போட்டியிடப் போவதில்லை என்றும் அறிவித்தார். அக்டோபர் 31 அன்று வடவியட்நாம் மீதான குண்டுவீச்சை அடியோடு நிறுத்தினார். தேர்தலுக்கு எஞ்சியிருந்தவை ஐந்தே நாட்கள். எதிர்த்து நின்ற நிக்சனின் தரப்போ, பேச்சுவார்த்தைக்கு அவசரப்பட வேண்டாம் என்று தென்வியட்நாம் அரசுக்கு மறைமுகமாகச் சொல்லியனுப்பியது. தென்வியட்நாமுக்குத் தயங்குவதற்குச் சொந்தக் காரணங்களும் இருந்தன. பேச்சுக்கு வரமாட்டோம் என்று நவம்பர் 2 அன்று அது அறிவித்தது. நிக்சன் ஒரு விழுக்காட்டுக்கும் குறைந்த வாக்கு வேறுபாட்டில் வென்றார்.

இனி நான் சொல்ல வந்த முக்கியச் செய்தி. வியட்நாமில் இருந்த அமெரிக்கத் துருப்புகளின் ஆண்டிறுதி எண்ணிக்கை ஏறத்தாழ இவ்வாறு இருந்தது: 1968இல் 5,36,000, 1969இல் 4,75,000, 1970இல் 3,35,000, 1971இல் 1,57,000, 1972இல் 24,000. கணித மாணவன் அல்லவா? கிடை அச்சில் ஆண்டுகளையும் செங்குத்து அச்சில் துருப்புகளையும் குறித்து வரைந்து பார்த்தேன். ஆண்டுதோறும் இறங்கிய கோடு, மறுதேர்தல் நடந்த 1972ஆம் ஆண்டின் இறுதியில் ஏறக்குறைய அடித்தளத்தைத் தொட்டுவிட்டது.

வரைபடம் எதையும் மெய்ப்பிக்காது. ஐயத்தை எழுப்பும், அவ்வளவே. மெய்ப்பிப்பவை ஆவணங்கள். நிக்சனின் தலைமை உதவியாளர் ஹால்டிமன் நாள்தோறும் நாட்குறிப்பு எழுதியவர். 1970 டிசம்பர் 21 நாளிட்ட குறிப்பில் கிஸ்ஸிங்கரின் கருத்து பதிவாகியிருக்கிறது. 1971 முடிவிலேயே போர்ப்படைகள் அனைத்தையும் விலக்கிவிட்டால், 1972இல் தொல்லைகள் கிளம்பும். தேர்தலில் அதற்குப் பதில் சொல்ல நேரும். ஆகவே 1972 இறுதி என்று வைத்துக்கொள்வதே நல்லது. இதுவே அதன் சாரம்.

பின்னர் நடந்தவை அந்தக் கணக்கை ஒட்டியே அமைந்தன. 1972 ஆகஸ்டில் கடைசித் தரைப் போர்ப்படைப் பிரிவு விலக்கப்பட்டது. அக்டோபர் 26 அன்று, அமைதி கைக்கெட்டும் தூரத்தில் உள்ளது என்றார் கிஸ்ஸிங்கர். நவம்பர் 7 அன்று 50 மாநிலங்களில் 49ஐ நிக்சன் வென்றார். டிசம்பர் 18 முதல் ஹனாய் மீது மீண்டும் குண்டுமழை! 1973 ஜனவரி 27 அன்றுதான் பாரிஸ் உடன்படிக்கை கையெழுத்தானது. 1975 ஏப்ரல் 30 அன்று சைகோன் வீழ்ந்தது.

மறுபக்கத்தையும் சொல்வதே நேர்மை. தென்வியட்நாம் படை தன் காலில் நிற்க அவகாசம் தேவைப்பட்டது. அதனால்தான் படிப்படியாக விலகினோம் என்பது நிக்சன் தரப்பின் வாதம். அதில் ஓரளவு உண்மை உண்டு. மேலும், தேர்தல் என்று ஒன்று இல்லாதிருந்தால் அந்தத் துருப்புகள் திரும்பியே இருப்பார்களா? ஜான்சனைப் பின்வாங்க வைத்ததும் வாக்குச் சீட்டின் வலிமையே அன்றோ! 18 வயதில் கட்டாயப் படைச் சேவைக்கு அழைக்கப்பட்ட இளைஞன், வாக்களிக்க 21 வயதுவரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த அநீதியை எதிர்த்து எழுந்த குரலால் 1971இல் அங்கே வாக்குரிமை வயது 18 ஆயிற்று. நம் நாட்டில் அது 1989இல் வந்தது.

ஆகவே குற்றம் தேர்தலில் இல்லை. உண்மையான காரணத்தை மறைத்து, வேறு காரணத்தைச் சொல்வதில்தான் இருக்கிறது. அந்த மறைவுக்கு விலை உண்டு. 1971இல் மட்டும் 2,000க்கும் மேற்பட்ட அமெரிக்கச் சிப்பாய்கள் அங்கே மாண்டனர். மாண்ட வியட்நாம் மக்களின் தொகை அதைவிடப் பன்மடங்கு. வாஷிங்டன் நினைவுச் சுவரில் 58,000க்கும் மேற்பட்ட பெயர்கள் உள்ளன. அவர்களுள் 20,000க்கும் மேற்பட்டோர் நிக்சன் பதவியேற்ற பின் மாண்டவர்கள்.

விடுமுறையில் ஊருக்குச் சென்றபோது இவற்றையெல்லாம் பெரியப்பாவிடம் சொன்னேன். வெற்றிலையை மடித்தபடியே கேட்டுக்கொண்டிருந்தவர் ஒரே கேள்வி கேட்டார்: “அந்தப் பிள்ளைங்களைப் பெத்தவங்களுக்கு இது எப்பத் தெரிஞ்சுது?”

ஹால்டிமனின் நாட்குறிப்பு நூலாக வெளிவந்தது 1994இல். 1970ஐக் கழித்துப் பார்த்தேன். இருபத்து நான்கு ஆண்டுகள். பெற்றவர்களில் எத்தனை பேர் அதுவரை உயிரோடு இருந்திருப்பார்கள்?

நண்பர்களே, நம்மில் பலர் இப்போதே வாக்காளர்கள். ஆள்வோர் ஒரு நாளைக் குறிக்கும்போது, ‘ஏன் அந்த நாள்?’ என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு. சிப்பாய் அதைக் கேட்க முடியாது. அவனுக்காக நாம்தான் கேட்க வேண்டும்; காலம் கடந்தல்ல, அன்றைக்கே.