ஆணி வேண்டாத வாழ்த்துக் கொடி

டிசம்பர் பாதியில் தொடங்கி ஜனவரி பாதிவரை வாழ்த்து அட்டைகளின் காலம். பெங்களூரு சிவாஜிநகர், அல்சூர், காக்ஸ் டவுன் பக்கத்துத் தமிழ் வீடுகளில் கிறிஸ்துமஸ், புத்தாண்டு, பொங்கல் என மூன்று வாழ்த்துகளும் ஒரே மாதத்துக்குள் அடங்கிவிடும். வந்த அட்டையை எங்கே வைப்பது என்பது அட்டையைப் போலவே பழைய கேள்வி. 1840இல் இங்கிலாந்தில் ஒரு பென்னிக்குக் கடிதம் அனுப்பும் தபால் முறை வந்தது. 1843இல் ஹென்றி கோல் என்பவர் ஓவியர் ஜான் ஹார்ஸ்லியை வரையச் சொல்லி, விற்பனைக்கான முதல் கிறிஸ்துமஸ் அட்டையை லண்டனில் அச்சிட்டார். குளிர்நாட்டு வீடுகளில் கணப்புக்கு மேலுள்ள திட்டில் அட்டைகளை நிறுத்திவைப்பார்கள். பெங்களூரு கன்டோன்மென்டின் பழைய பங்களாக்கள் சிலவற்றிலும் கணப்பு உண்டு. இன்றைய வாடகை வீட்டில் மிஞ்சியிருப்பது சுவர் மட்டும்தான். அதில் ஆணி அடித்தால் காலி செய்யும்போது அட்வான்ஸில் பிடித்துக்கொள்வார்களே என்று பலர் அட்டைகளைப் படித்த கையோடு அலமாரிக்குள் போட்டுவிடுகிறார்கள். அந்தப் பயம் தேவையில்லை. ஆணியே இல்லாமல் அட்டைகளைத் தொங்கவிடலாம், நூலை இழுத்துக் கட்டாமல் இருந்தால் போதும். சுவரைக் கெடுப்பது அட்டைகளின் எடையல்ல, நூலின் விறைப்பு.

கணக்கைப் பார்த்தால் இது தெளிவாகும். 250 கிராம் தடிமன் என்று கடையில் சொல்லும் காகிதத்தில், ஏ5 தாளை மடித்துச் செய்த அட்டை சுமார் 8 கிராம் இருக்கும். சின்ன மரக் கிளிப்போடு சேர்த்து 10 கிராம் என்று வைத்தால், பத்து அட்டைக்கு மொத்தமே 100 கிராம். ஒன்றரை மீட்டர் இடைவெளியில் இரண்டு கொக்கிகளுக்கு நடுவே அவற்றைச் சீராகத் தொங்கவிடுகிறோம். நூல் நடுவில் 15 செ.மீ. தொய்ந்தால், ஒவ்வொரு கொக்கியையும் பக்கவாட்டில் இழுக்கும் விசை 125 கிராம் எடைக்குச் சமம். தொய்வை 5 செ.மீ. ஆக்கினால் அது 375 கிராம். நூல் நேர்கோடாகத் தெரியவேண்டும் என்று 1 செ.மீ. அளவுக்கு விறைப்பாகக் கட்டினால், அதே பத்து அட்டைகள் ஏறக்குறைய 1,900 கிராம் எடைக்கு இழுக்கும். துணி காயப்போடும் கொடியை எவ்வளவு முறுக்கிக் கட்டினாலும் ஈரப் போர்வையைப் போட்டதும் அது தொய்வதோ முளை பிடுங்கிக்கொள்வதோ இதனால்தான். மின்கம்பிகளைக் கம்பங்களுக்கு இடையே வேண்டுமென்றே தொய்வு விட்டுக் கட்டுவதற்கும் இந்தக் கணக்கு ஒரு காரணம்.

எனவே சணல் நூலோ பருத்தி நூலோ இடைவெளியைவிடச் சற்று நீளமாக வெட்டிக்கொள்ளுங்கள். சிக்பேட்டையிலும் அவென்யூ ரோட்டிலும் நூல், கிளிப், ரிப்பன் எல்லாம் கிடைக்கும். அட்டையை மடிப்பில் நூலின்மேல் போட்டால் எல்லாம் வழுக்கி நடுப்பள்ளத்தில் குவிந்துவிடும். சுமை நடுவில் சேர்ந்தால் அதே தொய்வுக்கு இழுவை இரட்டிப்பாகிவிடும் என்பதால், இது பார்வைக்கு மட்டுமான குறையல்ல. ஓர் அட்டைக்கு ஒரு முடிச்சாகப் போட்டு, அந்த முடிச்சை ஒட்டி கிளிப்பை மாட்டினால் அட்டை நகராது. கனமான அட்டைகள் ஓரத்திலும் லேசானவை நடுவிலும் இருக்கட்டும். கொக்கிக்குப் பதில் திரைச்சீலைக் கம்பியின் இரு முனைகளே கிடைத்தால் மிகவும் நல்லது. ஒட்டும் கொக்கிதான் வழி என்றால் இரண்டையும் ஒரே சுவரில் ஒட்டுங்கள். எதிரெதிர்ச் சுவர்களில் ஒட்டினால் நூல் கொக்கியைச் சுவரிலிருந்து உரித்தெடுக்கிற திசையில் இழுக்கும். பசை மிகவும் பலவீனப்படுவது அந்தத் திசையில்தான். எமல்ஷன் பூசிய வழவழப்பான சுவரில் ஒட்டுக் கொக்கி நன்றாகப் பிடிக்கும். கை வைத்தால் பொடி ஒட்டும் டிஸ்டெம்பர், சுண்ணாம்புச் சுவர்களில் நிற்காது. அங்கே கதவின் மேல்விளிம்பிலிருந்து ஒரு ரிப்பனைச் செங்குத்தாகத் தொங்கவிட்டு அட்டைகளைக் கிளிப்பால் கோக்கலாம். செங்குத்து நூலில் விசை எடையைத் தாண்டவே தாண்டாது.

தொய்ந்த நூல் அழகாக இல்லையே என்பார்கள். விறைப்பான கோட்டில் அட்டைகள் கடை வரிசைபோல் நிற்கும்; வளைவில் ஒவ்வொன்றும் தனித்துத் தெரியும். என் கண்ணுக்கு வளைவுதான் அழகு. செலோ டேப்பால் நேராகச் சுவரில் ஒட்டிவிட்டால் என்ன என்றும் கேட்கலாம். டேப் உரியும்போது பெயின்டையும் அட்டையின் தோலையும் கொண்டுபோகும், அட்டையிலேயே விட்டுவைத்தால் பசை ஊறிப் பழுப்புக் கறையாகும். வெயில் பட்டு நிறம் மங்கும் என்ற கவலை மட்டும் நியாயமானது. பெங்களூரு 13 பாகை வட அட்சரேகையில் இருப்பதால் டிசம்பர் நண்பகலில் சூரியன் உச்சியிலிருந்து 36 பாகை தெற்கே சாய்ந்திருக்கும். தெற்கு ஜன்னல் வழியாக வெயில் உள்ளே விழுகிற மாதம் இது. அந்த வெயில் எட்டாத சுவராகத் தேர்ந்தெடுங்கள்.

வாட்ஸ்அப் காலத்தில் பத்து அட்டை எங்கே வருகிறது என்பது கடைசிக் கேள்வி. வரவு குறைந்தது உண்மைதான். ஆனால் பிஸ்கட் டின்னிலும் பழைய சூட்கேஸிலும் இருபது முப்பது வருடத்து அட்டைகள் பல வீடுகளில் கிடக்கின்றன. தாத்தாவின் கையெழுத்து, இன்று இல்லாத ஒரு தெருவின் முகவரி எல்லாம் அவற்றில்தான் இருக்கின்றன. இந்த ஆண்டு வந்த இரண்டோடு அவற்றையும் சேர்த்துக் கோத்துவிடுங்கள், பேரப்பிள்ளைகள் பார்க்கட்டும். பொங்கல் முடிந்து கழற்றும்போது, ஆண்டு எழுதப்படாத அட்டைகளின் பின்புறம் பென்சிலால் ஆண்டைக் குறித்துவிடுங்கள். பேனா வேண்டாம், மை காகிதத்தில் ஊறும்.