ட்ரேயை எங்கே வைக்கணும்? சிங்கப்பூரில் லோக்கல் வாழ்க்கையைப் பார்க்க சில டிப்ஸ்

(எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம்)

இன்னைக்கு சிங்கப்பூர். ஆனா மெரினா பே, சென்டோசா எதுவும் இந்த எபிசோட்ல கிடையாது. அதுக்கு ஏகப்பட்ட வீடியோ இருக்கு. அந்த ஊர்க்காரங்க தினமும் சாப்பிடற, நடக்கற இடங்கள்ல நாமளும் ரெண்டு நாள் தொந்தரவு பண்ணாம இருக்கறது எப்படி? அதைத்தான் பேசப்போறோம்.

முதல்ல நான் பண்ண ஒரு தப்பைச் சொல்லிடறேன். முதல் தடவை போனப்போ ஒரு ஹாக்கர் சென்டர்ல பன்றி இறைச்சி போட்ட நூடுல்ஸ் சாப்பிட்டேன். சாப்பிட்டு முடிச்சதும் நல்ல பிள்ளையா ட்ரேயைக் கொண்டுபோய் ஸ்டாண்டுல வெச்சேன். அங்கே துப்புரவு வேலை பார்த்துட்டிருந்த ஒரு வயசான ஆன்ட்டி ஓடி வந்து, என் ட்ரேயை எடுத்து வேற ஸ்டாண்டுல வெச்சாங்க. திட்டல. மேல இருந்த போர்டை மட்டும் கையைக் காட்டினாங்க. "ஹலால்"னு எழுதியிருந்துச்சு.

எனக்கு அது வெறும் கிண்ணம். ஆனா பக்கத்துக் கடையில சாப்பிடற ஒரு மலாய்க் குடும்பத்துக்கு, தங்களோட தட்டு தனியா இருக்குங்கற நம்பிக்கை அது. பல இனத்துக்காரங்க ஒரே கூரைக்குக் கீழ உட்கார்ந்து சாப்பிடறது தானா நடக்கறதில்லைன்னு எனக்கு அன்னைக்குத்தான் உறைச்சது. யாரோ ஒருத்தர் தினமும் அதைக் கவனமாப் பார்த்துக்கறாங்க.

1. ஹாக்கர் சென்டர்ல உட்காருங்க

ஒரு காலத்துல தெருவோரமா இருந்த தள்ளுவண்டிக் கடைகளை, 1970-கள்லயும் 80-கள்லயும் அரசாங்கம் தண்ணி, கழிவுநீர் வசதியோட ஒரே கூரைக்குக் கீழ கொண்டுவந்துச்சு. அதுதான் ஹாக்கர் சென்டர். 2020-ல யுனெஸ்கோ இந்தக் கலாச்சாரத்தைத் தன்னோட பட்டியல்ல சேர்த்துச்சு. சீன நூடுல்ஸ், மலாய் நாசி லெமாக், நம்ம பரோட்டாவோட உறவுக்காரன் ரொட்டி பிராட்டா, எல்லாம் ஒரே இடத்துல.

மூணு விதி மட்டும் ஞாபகம் வெச்சுக்கங்க. காலி மேசையில டிஷ்யூ பாக்கெட் இருந்தா, யாரோ இடம் போட்டிருக்காங்கன்னு அர்த்தம். நம்ம ஊர் பஸ்ல கர்ச்சீஃப் போடறோமே, அதேதான். அதுக்குப் பேர் "சோப்". ரெண்டாவது, சாப்பிட்ட தட்டை நீங்களேதான் திருப்பி வைக்கணும். 2021-ல இருந்து இது சட்டம், அபராதமும் உண்டு. மூணாவது, வைக்கறதுக்கு முன்னாடி போர்டைப் பாருங்க. என் கதைதான் கேட்டீங்களே.

கடைக்காரர் சீனரோ மலாய்க்காரரோ, வயசுல பெரியவங்கன்னா "அங்கிள்", "ஆன்ட்டி"ன்னே கூப்பிடலாம். அங்கே எல்லாரும் அப்படித்தான் கூப்பிடறாங்க.

2. காபி ஆர்டர் பண்ணக் கத்துக்கங்க

கோடிங் பண்றவங்களுக்கு இது ரொம்பப் பிடிக்கும். "கோபி"ன்னு மட்டும் சொன்னா டீஃபால்ட்டா கண்டென்ஸ்டு மில்க் போட்ட காபி வரும். மாத்தணும்னா பின்னாடி ஒவ்வொண்ணா சேர்த்துட்டே போகணும். "கோபி ஓ"ன்னா பால் கிடையாது, சர்க்கரை உண்டு. "கோபி சி"ன்னா எவாப்பரேட்டட் மில்க்கும் சர்க்கரையும். "கோசோங்" சேர்த்தா சர்க்கரை கட். "சியூ தாய்"னா சர்க்கரை கம்மி. "பெங்"னா ஐஸ். ஆக, ஐஸ் போட்ட, சர்க்கரை இல்லாத கருப்புக் காபிக்கு "கோபி ஓ கோசோங் பெங்". டீ வேணும்னா "கோபி" இருக்கற இடத்துல "தே" போட்டாப் போதும்.

கொஞ்சம் கவனிங்க. கோபி, கோசோங் ரெண்டும் மலாய். ஓ, பெங் ரெண்டும் ஹொக்கியன் சீனம். ஒரே டம்ளர் காபிக்குள்ள ரெண்டு மொழி! பக்கத்துப் பக்கத்துல வாழ்ந்து, ஒருத்தர்கிட்ட ஒருத்தர் வாங்கிக் குடிச்சு உருவான பேச்சு இது.

3. ஒரு காலையை ஹவுசிங் எஸ்டேட்ல கழிங்க

ஆர்ச்சர்டு ரோடு மால்கள்ல இருந்து எம்ஆர்டியில மூணே ஸ்டேஷன் தள்ளி தோ பாயோ. காலையில சீக்கிரமே போங்க. சந்தை, உடற்பயிற்சி பண்ற பெரியவங்க, ஸ்கூலுக்கு ஓடற பசங்கன்னு ஊர் அப்பதான் எழுந்திருக்கும். அங்கே பெரும்பான்மை மக்கள் அரசாங்கம் கட்டின இந்த மாதிரி அடுக்குமாடி வீடுகள்லதான் இருக்காங்க. தரைத்தளத்துல "வாய்ட் டெக்"னு திறந்தவெளி இருக்கும். ஒரு நாள் அங்கே மலாய்க் கல்யாணம் நடக்கும், இன்னொரு நாள் சீனர் வீட்டு துக்கம்.

இந்தக் கலப்பும் தற்செயல் இல்ல. ஒவ்வொரு பிளாக்லயும் எந்த இனத்துக்காரங்க எவ்வளவு பேர் இருக்கலாம்னு 1989-ல இருந்து வரம்பு இருக்கு. சிறுபான்மையினர் வீட்டை விக்கும்போது வாங்க ஆள் குறையுதுன்னு விமர்சனமும் உண்டு. ரெண்டையும் தெரிஞ்சுக்கிட்டு பாருங்க.

பஸ்ல போனா உங்க காண்டாக்ட்லெஸ் கார்டையே தட்டிட்டு ஏறலாம். வெளிநாட்டுப் பரிவர்த்தனைக் கட்டணத்தை மட்டும் பேங்க்ல கேட்டுக்கங்க. இறங்கும்போதும் மறக்காம தட்டணும். இல்லைன்னா முழு தூரத்துக்கும் காசு போயிடும்.

4. தெலோக் ஆயர் தெருவுல நடங்க

இன்னைக்கு ஆபீஸ் கட்டடங்களுக்கு நடுவுல இருக்கற இந்தத் தெரு ஒரு காலத்துல கடற்கரை. கப்பல்ல வந்து இறங்கினவங்க, உயிரோட வந்து சேர்ந்ததுக்கு இங்கேதான் நன்றி சொன்னாங்க. ஹொக்கியன் சீனர்கள் கட்டின தியான் ஹொக் கெங் கோயில், கடல் தெய்வம் மாசுவுக்கானது. கொஞ்ச தூரத்துலயே தமிழ் முஸ்லிம்கள் 1828-க்கும் 1830-க்கும் இடையில நம்ம நாகூர் ஆண்டவர் நினைவா எழுப்பின நாகூர் தர்கா இருக்கு. வேற வேற சாமி, ஆனா கடலைக் கடந்து வந்தவங்களோட பயம் ஒண்ணுதான்.

5. ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியா

தமிழ் அங்கே நாலு ஆட்சிமொழிகள்ல ஒண்ணு. ஸ்டேஷன் போர்டுல பார்த்ததும் நமக்குப் புல்லரிக்கும். அதுக்காக எல்லா இந்திய முகமும் தமிழ் பேசும்னு நினைச்சுடாதீங்க. முதல்ல கேட்டுட்டுப் பேசுங்க.

ஞாயிறு சாயங்காலம் தேக்கா பக்கம் போனா கூட்டம் நிரம்பி வழியும். கட்டுமானம், கப்பல் பட்டறைன்னு வாரம் முழுக்க உழைக்கற நம்ம ஊர் ஆட்களும் வங்கதேசத்து ஆட்களும் ஊருக்குப் பணம் அனுப்ப, நண்பர்களைப் பார்க்க வர்ற நாள் அது. நானும் போன உடனே போனைத் தூக்கி ரீல் எடுக்க ஆரம்பிச்சேன். புல்தரையில உட்கார்ந்து வீட்டுக்கு வீடியோ கால் பேசிட்டிருந்த ஒருத்தர் முகத்தைத் திருப்பிக்கிட்டார். போனை உள்ளே வெச்சுட்டேன். அப்புறம் ஒரு டீக்கடையில பக்கத்துல இருந்தவர், "எந்த ஊரு தம்பி?"ன்னு கேட்டார். அரை மணி நேரம் பேசினோம். மொத்த டிரிப்புலயும் எனக்கு மனசுல நின்னது அதுதான். அதுக்கு என்கிட்ட போட்டோ கிடையாது.

அவ்வளவுதான் மக்களே. டிக்கெட் போடறவங்களுக்கு இந்த எபிசோடை அனுப்புங்க. சாப்பிட்டு எழுந்ததும், ட்ரேயை வைக்கறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் நின்னு போர்டைப் படிங்க. அடுத்த வாரம் பார்ப்போம்!