செவியும் நாவும்: பேச்சுப் பயிற்சியில் நம் விசுவாசம்



உங்கள் ஜெபங்களாலும் காணிக்கைகளாலும் தாங்கப்படும் ஊழியங்களில் பேச்சுப் பயிற்சியும் ஒன்று. கண் அறுவை, பிரசவம் என்றால் எல்லாருக்கும் விளங்குகிறது. "பேச்சைக் கற்றுக்கொடுக்க ஆஸ்பத்திரி எதற்கு? அதில் விசுவாசத்துக்கு என்ன இடம்?" என்று சபைகளில் சிலர் கேட்கிறார்கள். அதற்கு விளக்கமாகவே இதை எழுதுகிறோம்.

மாற்கு 7-ம் அதிகாரத்தில், காது கேளாமலும் பேச்சுத் தடுமாறியும் இருந்த ஒரு மனுஷனை நம் ஆண்டவர் குணமாக்குகிறார். பயிற்சிக்கு வரும் மாணவர்களுக்கு நாங்கள் முதலில் இந்தப் பகுதியையே விளக்குகிறோம். ஆண்டவர் அவனைக் கூட்டத்தின் இரைச்சலிலிருந்து ஒதுக்கிக் கொண்டுபோகிறார். சொல் கேளாதவனுக்குத் தொடுதலால் பேசுகிறார். முதலில் காது, பிறகுதான் நாவு. அற்புதம் அவருடையது; ஆனால் அந்தப் பொறுமையையும் மரியாதையையும் நாமும் கற்றுக்கொள்ளலாம்.

காது முதலில் என்பது மருத்துவ உண்மையுங்கூட. குழந்தை கேட்டுத்தான் பேசக் கற்கிறது. முதல் மூன்று ஆண்டுகளில் மூளை மொழியை மிக வேகமாக வாங்கிக்கொள்கிறது. ஆகவே ஒரு மாதத்துக்குள் காதுப் பரிசோதனை, மூன்று மாதத்துக்குள் குறையை உறுதிசெய்தல், ஆறு மாதத்துக்குள் உதவி தொடங்குதல் என்பதே உலகெங்கும் வைத்திருக்கும் இலக்கு. நம் கடலூர், சிதம்பரம் வட்டார கிராமங்களிலோ, "அப்பாவும் லேட்டாத்தான் பேசினார், பிள்ளை தானாகப் பேசும்" என்று நாலைந்து வயதுவரை காத்திருக்கிறவர்கள் உண்டு. நம் சபையாரிலும், "ஜெபம் பண்ணுகிறோம், மெஷின் வேண்டாம்" என்கிறவர்கள் உண்டு. அவர்களுக்கு நாங்கள் சொல்லுவது: ஜெபத்தை நிறுத்தாதீர்கள், காதுக் கருவியையும் தள்ளாதீர்கள். அந்த வருஷங்கள் போனால் திரும்ப வராது. இன்று 6 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு, தகுதியிருந்தால், முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்திலேயே உட்செவிக் கருவி பொருத்தும் அறுவை செய்யப்படுகிறது. ஆனால் கருவி ஒலியை மாத்திரம் தரும். அந்த ஒலியை 'அம்மா' என்று புரிந்துகொள்ள நீண்ட பயிற்சி வேண்டும்.

இந்த ஊழியம் நமக்குப் புதியதல்ல. 1890-களில் பாளையங்கோட்டையில் மிஷனெரி புளோரன்ஸ் ஸ்வைன்சன் அம்மையார் காது கேளாத பிள்ளைகளைச் சேர்த்துத் தொடங்கிய பள்ளி இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது. அதற்கும் முன், 1706-ல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்க் ஐயர், சிறு பிள்ளைகளோடு மணலில் உட்கார்ந்து தமிழ் எழுத்தைக் கற்றார். மாணவர்களுக்கு இதை நினைப்பூட்டுகிறோம். நாற்காலியில் இருந்துகொண்டு பேச்சு கற்பிக்க முடியாது. பாயில் இறங்கி, பிள்ளையின் கண்ணுக்கு நேராக உட்கார வேண்டும்.

அன்னப்பிளவோடு பிறந்த பிள்ளையை எடுத்துக்கொள்ளுங்கள். மூக்கு வழியாகக் காற்று தப்புவதால் 'பாப்பா' என்பது 'மாம்மா' போலக் கேட்கும். அறுவை முடிந்தாலும் பழைய பழக்கம் உடனே போகாது. உதட்டின் முன் காகிதத் துண்டைப் பிடித்து, 'ப' சொல்லும்போது அது அசைகிறதா என்று பார்க்கிறோம். ஒரே எழுத்துக்காக வாரக்கணக்கில் உழைக்க வேண்டியிருக்கும். எழுத்துக்கள் வாயில் எங்கெங்கே பிறக்கின்றன என்று தொல்காப்பியம் ஓர் இயலில் கூறுகிறது. அந்தத் தமிழறிவும் இங்கே பயன்படுகிறது.

பக்கவாதத்தால் பேச்சிழந்த பெரியவர்களும் வருகிறார்கள். அவர்களில் சிலரால் தண்ணீர் என்று கேட்க முடியாது. ஆனால் பழகின பாட்டைப் பாடிவிடுவார்கள். பாட்டின் ராகத்தைப் பிடித்துக்கொண்டு பேச்சுக்கு வரும் பயிற்சி முறையை அமெரிக்க மருத்துவர்கள் 1973-ல் வெளியிட்டார்கள். நம்மவருக்குக் கீர்த்தனை வரும். சிதம்பரத்துக்காரர் ஒருவருக்கு வருவது தேவாரமாக இருந்தால்? கிறிஸ்தவ மாணவர் என்ன செய்வது? எங்கள் பதில்: அவர் நாவு அறிந்த பாட்டிலேயே தொடங்குங்கள். நம் பாட்டை அவர் வாயில் திணிப்பது வைத்தியமும் அல்ல, சாட்சியும் அல்ல. மறுத்துப் பேச வாயில்லாதவரிடம் மதத்தைப் பற்றி வற்புறுத்துவது அன்பாகாது. தெக்கப்போலி நாட்டில் ஆண்டவர் அந்த மனுஷனைத் தொடுமுன் அவன் எந்த ஜனம் என்று விசாரிக்கவில்லை. நம் விசுவாசம் என்னவென்று யாராவது கேட்டால் மகிழ்ச்சியோடு சொல்லுகிறோம். ஜெபிக்கக் கேட்டால் ஜெபிக்கிறோம்.

இன்னொன்றும் உங்களிடம் சொல்ல வேண்டும். எல்லாரும் பேசிவிடுவதில்லை. "எத்தனை பேர் பேசினார்கள்?" என்று மாத்திரம் நாம் எண்ணினால், பேசாத பிள்ளையின் தாய்க்கு நம்மிடம் சொல்ல எதுவும் இராது. அது யார் செய்த பாவம் என்ற கேள்வியை யோவான் 9-ல் ஆண்டவரே தள்ளிவிட்டார். பேச்சிழந்த சகரியாவோ பலகை வாங்கி எழுதித் தன் மகனுக்குப் பெயரிட்டார். அவருடைய வார்த்தை குறைவாக மதிக்கப்படவில்லை. அப்படியே சைகை மொழியும், படம் ஒட்டிய அட்டையும் பேச்சுதான். தனக்குப் பசிக்கிறது என்று ஒரு பிள்ளை படத்தைத் தொட்டுக் காட்டும் நாள் எங்களுக்கு ஸ்தோத்திர நாள்.

நீங்கள் செய்யத்தக்கது: உங்கள் சபையில் ஒன்றரை வயதாகியும் ஒரு வார்த்தை பேசாத, அல்லது சத்தத்துக்குத் திரும்பாத பிள்ளை இருந்தால் உடனே பரிசோதனைக்கு அனுப்புங்கள். 'ஊமை' என்று யாரையும் அழைக்காதிருங்கள். காது கேளாதோர் ஆராதனைக்கு வந்தால், பிரசங்கியாரின் முகம் தெரியும்படி முன்வரிசையில் இடம் கொடுங்கள். பஸ் செலவுக்கு வழியில்லாமல் பயிற்சியைப் பாதியில் விடும் தாய்மாருக்காகவும், பொறுமையோடு கற்கும் மாணவர்களுக்காகவும் ஜெபித்துக்கொள்ளுங்கள்.

செவியையும் நாவையும் உண்டாக்கினவர் உங்களை ஆசீர்வதிப்பாராக.