பார்னி ஹில் பார்த்த கண்கள்

1964 பிப்ரவரி 22. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் மனநல மருத்துவர் பெஞ்சமின் சைமனின் அறை. டேப் ரெக்கார்டர் ஓடிக்கொண்டிருக்கிறது. ஹிப்னாடிச உறக்கத்தில் இருக்கும் பார்னி ஹில், அஞ்சல் துறை ஊழியர். இரண்டரை ஆண்டுக்கு முந்தைய ஓர் இரவை நினைவுபடுத்தச் சொல்கிறார் மருத்துவர். சற்று நேரத்தில் பார்னி அலறத் தொடங்குகிறார். அவரைத் துரத்துபவை இரண்டு கண்கள். முகத்தின் முன்புறத்தோடு நிற்காமல் பக்கவாட்டிலும் வளைந்து நீளும் கண்கள். அந்த ஒலிநாடா பின்னாளில் வெளியானது. கேட்டவர் யாரும் அதை நடிப்பு என்று எளிதில் தள்ளிவிட முடியாது.

வேற்றுக்கிரகவாசி என்றதும் நமக்குத் தோன்றும் பெரிய தலை, மெலிந்த உடல், சாய்ந்த கண்கள் கொண்ட உருவத்துக்கு முக்கியமான ஊற்று அந்த அறைதான்.

பார்னியும் மனைவி பெட்டியும் 1961 செப்டம்பர் 19 அன்று கனடாவில் விடுமுறையைக் கழித்துவிட்டு, நியூ ஹாம்ப்ஷயரின் போர்ட்ஸ்மத் ஊரிலுள்ள வீட்டுக்குக் காரில் திரும்பிக்கொண்டிருந்தார்கள். பெட்டி சமூகநலப் பணியாளர். மலைப்பாதையில் நள்ளிரவை நெருங்கும் நேரம், ஒரு வெளிச்சம் தங்களைத் தொடர்வதாக இருவருக்கும் பட்டது. பார்னி காரை நிறுத்தி பைனாகுலரில் பார்த்தார். பயந்து ஓடிவந்து வண்டியைக் கிளப்பினார். வீடு வந்து சேர்ந்தபோது, வரவேண்டிய நேரத்தைவிட ஏறக்குறைய இரண்டு மணி நேரம் கூடியிருந்தது. அந்த இடைவெளியில் என்ன நடந்தது என்பது இருவர் நினைவிலும் இல்லை.

பத்து நாள் கழித்து பெட்டிக்குத் தொடர்ந்து கனவுகள் வந்தன. யாரோ தங்களைக் கலத்துக்குள் கொண்டுபோகிறார்கள், உடலைச் சோதிக்கிறார்கள், தொப்புளில் நீண்ட ஊசியை ஏற்றுகிறார்கள். அவற்றை எழுதி வைத்தார், நண்பர்களிடமும் சொன்னார். பார்னியின் காதிலும் அவை விழுந்தன. ஹிப்னாடிசத்தில் வெளிவந்த கடத்தல் கதை பெட்டியின் கனவுகளிலிருந்து வந்திருக்க வேண்டும் என்பதே மருத்துவர் சைமனின் முடிவு. தம்பதி பொய் சொல்கிறார்கள் என்று அவர் ஒருபோதும் சொல்லவில்லை.

அந்தக் கண்கள் மட்டும் பெட்டியின் கனவுகளில் இல்லை. அவர் கனவில் வந்தவர்களுக்குப் பெரிய மூக்கு இருந்தது. பல ஆண்டுகளுக்குப் பிறகு மார்ட்டின் காட்மேயர் என்பவர் ஒரு தேதியைக் கவனித்தார். பார்னி அலறிய நாளுக்குச் சரியாக 12 நாள் முன்பு, 1964 பிப்ரவரி 10 அன்று, ‘தி அவுட்டர் லிமிட்ஸ்’ தொலைக்காட்சித் தொடரில் ‘தி பெல்லெரோ ஷீல்ட்’ என்ற கதை ஒளிபரப்பானது. அதில் வரும் அயல்கிரகத்தவனுக்கும் பக்கவாட்டில் வளைந்த கண்கள். எதிரில் இருப்பவரின் கண்ணைப் பார்த்தே மொழியைப் புரிந்துகொள்பவன் அவன். அப்படியொரு தொடரைப் பற்றித் தான் கேள்விப்பட்டதே இல்லை என்றார் பெட்டி. அவர் அதை உண்மையாகவே சொல்லியிருக்கலாம். ஒரு பிம்பம் நமக்குள் எப்போது, எந்த வழியாக நுழைந்தது என்பதை நினைவு குறித்து வைப்பதில்லை.

உளவியலாளர் எலிசபெத் லாஃப்டஸ் 1974-இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. இரண்டு கார்கள் மோதும் துண்டுப் படத்தை மாணவர்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். கார்கள் என்ன வேகத்தில் ‘மோதின’ என்று 50 பேரிடமும், என்ன வேகத்தில் ‘மோதி நொறுங்கின’ என்று வேறு 50 பேரிடமும் கேட்டார்கள். ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா என்று ஒரு கேள்வி. முதல் குழுவில் 7 பேர் பார்த்ததாகச் சொன்னார்கள். இரண்டாவது குழுவில் 16 பேர். படத்தில் உடைந்த கண்ணாடியே கிடையாது. ஒரு சொல்லுக்கே இவ்வளவு வலு. ஹிப்னாடிசம் நிலைமையை இன்னும் சிக்கலாக்குகிறது: நினைவின் துல்லியம் கூடுவதில்லை, அது உண்மை என்ற நம்பிக்கை மட்டும் கூடிவிடுகிறது.

பிறகு திரை அந்தக் கதையைக் கையில் எடுத்தது. 1975 அக்டோபர் 20 அன்று ‘தி யூஎஃப்ஓ இன்சிடென்ட்’ என்ற தொலைக்காட்சிப் படம் வந்தது. பார்னியாக ஜேம்ஸ் ஏர்ல் ஜோன்ஸ் நடித்தார். பதினாறு நாள் கழித்து அரிசோனா காட்டில் மரம் வெட்டப் போன டிராவிஸ் வால்டன் காணாமல் போனார். ஐந்து நாள் கழித்துத் திரும்பி வந்து, தான் பறக்கும் தட்டில் இருந்ததாகச் சொன்னார். அவர் கதை 1993-இல் ‘ஃபயர் இன் தி ஸ்கை’ ஆனது. வால்டன் சொன்னது மருத்துவமனை போன்ற ஓர் அறை. படம் காட்டியதோ பிசுபிசுத்த கூடுகளும் கண்ணை நோக்கி இறங்கும் ஊசியும். சம்பந்தப்பட்டவரே சொல்லாத அந்தக் காட்சிதான் இன்றைக்கும் ரசிகர்களின் நினைவில் நிற்கிறது.

இரவில் படுக்கையறையில் நடந்ததாகச் சொல்லப்படும் கடத்தல்களுக்கு இன்னொரு விளக்கமும் உண்டு. கனவு காணும் தூக்கத்தில், கண்ணையும் மூச்சையும் இயக்கும் தசைகள் தவிர மற்றவற்றை மூளை முடக்கி வைக்கிறது; கனவில் ஓடினால் நாம் நிஜத்தில் எழுந்து ஓடக் கூடாது என்பதற்காக. சில சமயம் முடக்கம் விலகுமுன் விழிப்பு வந்துவிடும். அசைய முடியாது, நெஞ்சில் பாரம் அழுத்தும், அறையில் யாரோ இருப்பது நிச்சயமாகத் தெரியும்.

எனக்கு இது பதினான்கு வயதில் வந்தது. மின்விசிறி சுற்றுவது தெரிகிறது, ஜன்னல் கம்பி தெரிகிறது, பக்கத்தில் படுத்திருக்கும் அம்மாவைக் கூப்பிட நாக்கு எழவில்லை. தலைவிரி கோலமாக ஓர் உருவம் நெஞ்சின் மேல் உட்கார்ந்திருந்தது. காலையில் பாட்டி, “அமுக்குவான் பேய்டா அது, குப்புறப் படுக்காதே” என்று தலையணைக்கடியில் அரிவாள்மணையை வைத்தார். அந்த உருவம் பாட்டி அதுவரை சொல்லிவந்த பேயாகவே இருந்ததை இப்போதுதான் யோசிக்கிறேன். ஜப்பானியர்கள் இதை கனஷிபாரி என்கிறார்கள். நியூஃபவுண்ட்லாந்து மக்கள் கிழவி வந்து அமுக்கியதாகச் சொல்கிறார்கள். அயல்கிரகப் படம் பார்த்து வளர்ந்த அமெரிக்கருக்குச் சாம்பல் நிற உருவம் வருகிறது.

வருவது எதுவானாலும் பயம் பொய்யில்லை. ஹார்வர்டின் ரிச்சர்ட் மெக்நலி குழுவினர், கடத்தப்பட்டதாக நம்புகிறவர்களுக்கு அவர்களது அனுபவத்தையே திரும்பக் கேட்கச் செய்து, இதயத் துடிப்பையும் வியர்வையையும் அளந்தார்கள். 2004-இல் வெளியான அந்த முடிவின்படி, அவர்கள் உடல் காட்டிய பதற்றம் நிஜமான பேரதிர்ச்சிக்கு ஆளானவர்களின் பதற்றத்துக்கு ஈடாக இருந்தது. இவர்களைக் கேலிப்பொருளாக்கும் படங்களை என்னால் பொறுத்துக்கொள்ள முடிவதில்லை.

எதற்காகக் கடத்துகிறார்கள் என்பதும் ஊருக்கு ஊர் மாறுகிறது. ஹில் தம்பதியின் கதை செய்தித்தாளுக்கு வந்தது 1965-இல். அதற்கு இரண்டு ஆண்டு முன்பே, எம்.ஜி.ஆரும் பானுமதியும் நடித்த ‘கலை அரசி’யில் வேற்றுக்கிரகத்தவர் பூமிக்கு வந்து ஒரு பெண்ணைத் தூக்கிப்போனார்கள். உடலைச் சோதிக்க அல்ல; கலை இல்லாத தங்கள் கிரகத்துக்கு இசை கற்றுத்தர. ஊசியும் மேசையும் அந்தக் கற்பனைக்குத் தேவைப்படவில்லை.

பார்னியின் கதைக்கு அவை தேவைப்பட்டன. பார்னி கறுப்பினத்தவர், பெட்டி வெள்ளையர். 1961-இல் அமெரிக்காவின் பல மாநிலங்களில் அப்படியொரு திருமணமே சட்டப்படி குற்றம். வழியில் எந்த விடுதி இடம் தரும், எது விரட்டும் என்ற கவலையோடுதான் அவர் அந்தப் பயணம் முழுக்க வண்டி ஓட்டினார். ஹிப்னாடிசத்தில், கலத்தின் ஜன்னலில் தெரிந்த ஒரு முகம் செம்பட்டை முடி ஐரிஷ்காரரைப் போல இருந்தது என்றார். ஐரிஷ்காரர்கள் கறுப்பர்களிடம் பகைமை காட்டுவார்கள் என்பதையும் சேர்த்துச் சொன்னார். இன்னொரு முகம் அவருக்கு ஒரு ஜெர்மன் நாஜியாகத் தெரிந்தது.

பின்னால் வந்த படங்களின் சாம்பல் நிற உருவங்களில் பார்னி பார்த்த அந்தக் கண்கள் இருக்கின்றன. அந்த இரண்டு முகங்கள் இல்லை.